தெருவில் ஓடும் வாயுத் தொட்டிகள்: சோதித்தவர் யார்? சோதித்த தேதி எது?

2025-ம் வருஷம் ஜனவரி மாதம் 3-ந் தேதி விடியற்காலம், கோயமுத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் வாயுத் தொட்டி லாரியொன்று கவிழ்ந்து விழுந்தது. கொச்சியிலிருந்து 18 டன் சமையல் வாயுவைச் சுமந்து வந்த வண்டி அது. இழுக்கும் வண்டியையும் தொட்டியையும் பிணைத்து நிற்கும் இணைப்பு முறிந்து, தொட்டி தனியே பிரிந்து சாய்ந்தது என்று செய்திகள் கூறின. வாயு கசியத் தொடங்கியது. தீயணைப்புப் படையினர் மணிக்கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சி நின்றனர். சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்பட்டது. கடைசியில் கசிவு அடைக்கப்பட்டு, பாரந்தூக்கி யந்திரங்களால் தொட்டி நிமிர்த்தப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. நகர ஜனங்கள் பெருமூச்சு விட்டனர். தீயணைப்புப் படையினருக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் பெருமூச்சு விட்டதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோமானால், அதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை.

அதற்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன், 2024-ம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி, ஜெய்ப்பூரை அடுத்த ஆஜ்மீர் நெடுஞ்சாலையில், இதே வகையான வண்டி ஒன்று திரும்புகையில் வேறொரு லாரி அதன்மேல் மோதிற்று. தொட்டியின் வால்வுகள் உடைந்தன. வெண்மேகம் போலப் பரவிய வாயு தீப்பற்றிக்கொண்டது. சாலையில் முன்னும் பின்னும் நின்ற பஸ்களும் கார்களும் லாரிகளும் எரிந்தன. ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். 2012-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி இரவு, மலையாள நாட்டில் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் ஒரு வாயு லாரி கவிழ்ந்து எரிந்தபோதும் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் தங்கள் வீட்டில் இருந்தவர்கள். கோயமுத்தூர் தப்பியதற்கும் ஜெய்ப்பூர் தப்பாததற்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு நெருப்புப் பொறியே. ஒரு பெருநகரத்தின் க்ஷேமத்தைப் பொறியின் தயவில் விட்டுவைப்பது எந்த ஆட்சிக்கும் அழகன்று.

இத்தகைய விபத்துக்களை விதி என்று சொல்லி விலகிக்கொள்வது நம்மவரிடையே வேரூன்றிய வழக்கம். நாம் அதை ஒப்புவதற்கில்லை. வாயுத் தொட்டி ஒன்று சாலையில் வெடிக்குமானால், அதற்கு முன்னரே எங்கோ ஒரு பட்டறையில், ஏதோ ஒரு நிரப்பும் ஸ்தலத்தில், எவரோ ஓர் உத்தியோகஸ்தரின் மேஜையில், செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை செய்யப்படாமலோ, செய்ததாகக் காகிதத்தில் மட்டும் எழுதப்பட்டோ இருந்திருக்கக்கூடும் என்பதே உலக அனுபவம் காட்டும் உண்மை. இந்த உண்மையை விளக்கி, நம் நாட்டில் செய்யத்தக்கது இன்னதென்று கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலில், அத்தொட்டிக்குள் இருப்பது என்ன என்பதை வாசகர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். சமையல் வாயு என்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. சாதாரணமாகக் காற்றைப்போலப் பரவ வேண்டிய இவ்வஸ்துவை அழுத்தத்தினால் இறுக்கித் திரவமாக்கி இரும்புத் தொட்டியில் அடைக்கிறார்கள். ஒரு படி திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 படி வாயுவாக விரியும். அது காற்றைவிடக் கனமானது. ஆகையால் மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கி, எங்கேனும் எரியும் ஓர் அடுப்பையோ சுழலும் ஒரு மோட்டாரையோ தேடிச் செல்லும். தொட்டியின் அடியில் நெருப்பு மூண்டாலோ ஆபத்து வேறு விதமானது. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு ஒருவாறு குளிர்ந்திருக்கும். திரவமில்லாத மேற்புறத்துத் தகடு காய்ந்து, மெழுகைப்போல் வலிமை குன்றி, உள்ளழுத்தம் தாங்காமல் கிழியும். கிழிந்த கணத்திலேயே திரவமனைத்தும் ஒருமிக்கக் கொதித்தெழுந்து தீப்பிழம்பாகும். தொட்டியின் துண்டுகள் நெடுந்தூரம் பறந்து விழும்.

இத்தகைய வஸ்து இன்று நமக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் 30 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் அடுப்பெரிப்பது இதுவே. விறகுப் புகையில் கண் கெட்டுக் கிடந்த ஏழைப் பெண்களுக்கு இது பெரும் விடுதலை. ஆகவே வாயு வேண்டாமென்றோ லாரிகள் ஓடலாகாதென்றோ நாம் சொல்ல வரவில்லை. துறைமுகங்களிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் புறப்படும் வாயு, உருளைகளில் நிரப்பும் ஸ்தலங்களை அடைய வேண்டுமானால் அதன் பெரும்பகுதி சாலை வழியே போக வேண்டியிருக்கிறது. சாலையோ ஜனங்களுக்குச் சொந்தமானது. அச்சாலையில் அபாயத்தை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றவன், தன் தொட்டி உறுதியானது என்பதை ஜனங்களுக்கு நிரூபித்துக் காட்டக் கடமைப்பட்டவன். பரிசோதனை விதிகளின் தர்மம் இதுவே.

பிற தேசங்கள் இந்தப் பாடத்தை எவ்வளவு விலை கொடுத்துக் கற்றன என்பதைப் பார்ப்போம்.

1978-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி, ஸ்பெயின் தேசத்தின் கீழ்க்கடற்கரையில், லாஸ் அல்ஃபாக்கஸ் என்னும் கூடார விடுதியை ஒட்டிய சாலையில் புரொப்பிலீன் வாயுவை ஏற்றிய ஒரு தொட்டி லாரி வெடித்தது. கோடை விடுமுறைக்காகக் கடலோரம் வந்து தங்கியிருந்த குடும்பங்கள் அதற்கு இரையாயின. 217 பேர் மாண்டனர். அத்தொட்டியில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பல டன் ஏற்றப்பட்டிருந்தது. மிகுந்த அழுத்தத்தைத் தானே வெளிவிடும் பாதுகாப்பு வால்வும் அத்தொட்டிக்கு இல்லை. 1982-ல் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட கம்பெனிகளின் பொறுப்பாளர் சிலரைக் குற்றவாளிகளென்று தீர்த்தது. லாரியை ஓட்டியவன் அவ்விடத்திலேயே இறந்துபோனான். ஆனால் அளவுக்கு மீறி நிரப்பிய குற்றம் அவனோடு எரிந்துபோகவில்லை. நிரப்பிக் கொடுத்தவரும் ஏற்றிச் செல்ல ஏவியவரும் பதில் சொல்ல வேண்டியவராயினர்.

அளவுக்கு மீறி நிரப்புவதில் உள்ள அபாயம் யாது? திரவ வாயு வெயிலில் வெகுவாக விரிவடையும். மேலே சிறிது வெற்றிடம் விட்டால்தான் அவ்விரிவுக்கு இடமிருக்கும். வெற்றிடம் இல்லையேல், திரவமே தொட்டியை உள்ளிருந்து நெருக்கிக் கிழித்துவிடும். ஆப்பிரிக்காவில் செனகல் தேசத்துத் தலைநகரான டக்கார் நகரில் நடந்ததும் இதுவே. 1992-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, நிலக்கடலை எண்ணெய் ஆலையொன்றில் நின்றிருந்த அம்மோனியா வாயுத் தொட்டி வெடித்து 129 பேரைக் கொன்றது. அதற்கு அனுமதிக்கப்பட்ட சுமை 18 டன்னுக்கும் குறைவு. அன்று இருந்ததோ 22 டன். அதுமட்டுமன்று; அதற்கு முந்திய ஆண்டு தொட்டியில் கசிவு காணப்பட்டு, அவ்விடம் பற்றவைத்துப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. பற்றவைத்த இடத்து இரும்பு இறுகி நொறுங்குந் தன்மையடையும். அதை முறைப்படி சூடேற்றிப் பதப்படுத்தி, மறுபடியும் சோதித்த பின்னரே தொட்டியைச் சாலைக்கு விடுதல் வேண்டும். அம்மோனியாவோ, பதப்படுத்தாத பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்களை உண்டாக்கும் இயல்புடையது. கசிவை அடைத்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணிய அலட்சியத்துக்கு 129 உயிர்கள் விலையாயின.

இத்தாலி தேசத்தில் வியரெஜ்ஜோ நகரில் 2009-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இரவு நடந்தது இன்னொரு பாடம். வாயுத் தொட்டிகளைப் பூட்டிய ரயில் நிலையத்தைக் கடக்கையில் முதல் வண்டியின் அச்சு முறிந்து, வண்டிகள் தடம்புரண்டன. ஒரு தொட்டி கிழிந்து வாயு ஊருக்குள் பரவி எரிந்தது. 32 பேர் இறந்தனர். அங்கே முதலில் குற்றமுள்ளது தொட்டியன்று. தொட்டியைத் தாங்கிய அச்சு. அந்த அச்சு அதற்கு முந்திய ஆண்டுதான் ஒரு பட்டறையில் செப்பனிடப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டு வந்தது. உள்ளே நாட்பட வளர்ந்துகொண்டிருந்த பிளவைப் பரிசோதனை பிடிக்கவில்லை. காகிதம் இருந்தது, பரிசோதனையின் பயன் இல்லை. அந்நாட்டு நீதிமன்றங்கள் பட்டறைக்காரரோடு நில்லாமல் ரயில் நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர்களையும் குற்றவாளிகளாகக் கண்டன.

நான்காவது உதாரணம், ஓர் உயிரும் சேதமாகாத சம்பவம். ஆயினும் மிகுந்த சிந்தனைக்குரியது. 1996-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் வடகரோலினா மாகாணத்துச் சான்ஃபோர்டு என்னும் ஊரில், லாரியிலிருந்து புரொப்பேன் வாயுவை இறக்கும்போது குழாய் கழன்று போயிற்று. குழாய் கழன்றால் ஓட்டத்தைத் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு அந்த லாரியில் இருந்தது. சட்டம் பல வருஷங்களாக அதைக் கேட்டு வந்தது. அன்று அது அடைபடவில்லை. 35,000 காலனுக்கு மேல் வாயு வெளியேறிற்று. பொறி எதுவும் விழாததால் ஊர் பிழைத்தது. பின்னர் விசாரித்தபோது, அந்த ஒரு லாரியில் மட்டுமன்று, நாடு முழுவதும் ஓடிய எண்ணற்ற லாரிகளில் அவ்வகை வால்வு இறக்குமிடத்து நிலைமைகளில் நம்பத்தக்கதாக வேலை செய்யாது என்று வெளிப்பட்டது. விதி புத்தகத்தில் இருந்தது. வால்வு வண்டியில் இருந்தது. பாதுகாப்பு மாத்திரம் எங்கும் இல்லை! அந்நாட்டுச் சர்க்கார் 1999-ல் விதிகளை மாற்றி, குழாய்களையும் இறக்கும் சாதனங்களையும் மாதந்தோறும் சோதிக்க வேண்டுமென்று ஏற்படுத்திற்று.

நம் நாட்டுக்கு இது புதிய பாடமன்று. 1984-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் போபால் நகரம் விஷவாயுவில் மூழ்கிய இரவில், அந்தத் தொழிற்சாலையிலும் குளிர்விக்கும் யந்திரம் இருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரம் இருந்தது. ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. சாதனம் இருப்பது வேறு. சாதனம் வேலை செய்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதற்கே பரிசோதனை என்று பெயர்.

இனி நம் தேசத்துச் சட்டத்தைக் கவனிப்போம். அந்நிய ஆட்சிக் காலத்தில், 1884-ல் இயற்றப்பட்ட வெடிபொருள் சட்டத்தின் கீழ், அழுத்தத் தொட்டிகளுக்கென்று 1981-ல் சுதந்திர இந்தியாவின் சர்க்கார் தனி விதிகளை ஏற்படுத்திற்று. 2016-ல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. நாகபுரியில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு இலாகா இவற்றை நிர்வகிக்கிறது. அவ்விதிகளைப் படித்துப் பார்ப்போர், அவை உலகத்து விதிகளுக்குப் பெரிதும் பின்வாங்கியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்வர். தொட்டியை 5 வருஷங்களுக்கு ஒருமுறையாவது நீரழுத்தத்தால் சோதிக்க வேண்டும். அரிக்கும் அல்லது விஷத்தன்மையுள்ள வாயுவாயின் 2 வருஷங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பாதுகாப்பு வால்வுகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். 55 டிகிரி உஷ்ணத்திலும் திரவம் தொட்டி முழுவதையும் அடைத்துவிடாதபடி நிரப்ப வேண்டும். மேலதிகாரியின் அனுமதியின்றித் தொட்டியைப் பழுதுபார்க்கலாகாது.

நீரழுத்தச் சோதனை என்பதன் கருத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். தொட்டியிலுள்ள வாயுவை முற்றும் வெளியேற்றி, அதைத் தண்ணீரால் நிரப்பி, வழக்கமாகத் தாங்கும் அழுத்தத்தினும் மிகுதியான அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அழுந்திச் சுருங்காத பொருள். ஆகையால் தொட்டி பலவீனமாயிருந்து விட்டுப்போனாலும், வாயுவைப்போல் வெடித்துச் சிதறாமல், கசிந்து குறையைக் காட்டிவிடும். இதனோடு தகட்டின் கனத்தை ஒலியலைக் கருவியால் அளந்து, துருவினால் எவ்வளவு தேய்ந்தது என்று காண்பார்கள். பற்றவைத்த கோடுகளின்மேல் சாயமோ காந்தத் துகளோ இட்டு, மயிரிழை போன்ற பிளவுகளைத் தேடுவார்கள். இவற்றில் மந்திரம் ஒன்றுமில்லை. பொறுமையும் நேர்மையும் நாட்கணக்கான நேரமும் வேண்டும். லாரி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சொந்தக்காரனுக்கு வருமானம் இல்லாத நாள் என்பதே இங்குள்ள சிக்கல்.

அப்படியானால் நம்மிடம் குறை எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

முதற்குறை, பரிசோதிப்பவனுக்கும் பரிசோதிக்கப்படுபவனுக்கும் உள்ள உறவு. தொட்டிகளைச் சோதித்துச் சான்று வழங்க, தகுதி பெற்ற பரிசோதகர்களை இலாகா அங்கீகரித்திருக்கிறது. அது தவறன்று. தேசமெங்கும் ஓடும் தொட்டிகளனைத்தையும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களே நேரில் சோதிக்க இயலாது. ஆனால் அப்பரிசோதகரைத் தேர்ந்து அமர்த்துபவனும் கூலி கொடுப்பவனும் தொட்டியின் சொந்தக்காரனே. குறை சொல்லும் பரிசோதகரிடம் அடுத்த முறை வண்டி வராது. குறை காணாதவரிடம் வரிசையாக நிற்கும். பரிசோதகரனைவரும் நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாளர் பலர் இருப்பது நிச்சயம். ஆனால் நேர்மையானவனுக்கு நஷ்டமும் அலட்சியக்காரனுக்கு லாபமும் தரும் ஏற்பாடு ஒன்று நெடுநாள் நேர்மையாக நடக்குமென்று எதிர்பார்ப்பது பேதைமை.

இரண்டாவது குறை, பொறுப்பு துண்டாகிக் கிடப்பது. தொட்டி மத்திய சர்க்காரின் வெடிபொருள் இலாகாவைச் சேர்ந்தது. அதைச் சுமக்கும் வண்டியோ மோட்டார் வாகனச் சட்டப்படி தகுதிச் சான்று பெறுவது; அச்சான்று மாநில சர்க்காரின் போக்குவரத்து இலாகாவின் பொறுப்பு. தொட்டியைப் பார்ப்பவர் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்ப்பதில் கருத்துடையவரல்லர். வண்டியைப் பார்ப்பவர் தொட்டியைத் தொட அஞ்சுவர். வியரெஜ்ஜோ நகரில் முறிந்தது அச்சு. கோயமுத்தூரில் முறிந்ததாகச் சொல்லப்பட்டது இணைப்பு. தொட்டிக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள இடத்தில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான். அவ்விடம் எந்த இலாகாவின் எல்லைக்குள் இருக்கிறது என்று கேட்கிறோம். இரண்டு சான்றுகளும் செல்லுபடியாக இருக்கும்போதே வண்டி இரண்டாகப் பிரியுமானால், அச்சான்றுகளால் வழிப்போக்கனுக்குப் பயன் யாது?

மூன்றாவது குறை, பரிசோதனையின் விவரம் ஜனங்கள் கண்ணில் படாதது. சோதனைத் தேதி தொட்டியின்மேல் பதித்த சிறு உலோகத் தகட்டிலும் அலுவலகத் தஸ்தாவேஜுகளிலும் இருக்கிறது. சாலையில் அதன் பின்னே பஸ்ஸில் செல்பவனுக்கும், சாலையோரத்தில் கடை வைத்திருப்பவனுக்கும், சுங்கச்சாவடியில் நிறுத்துபவனுக்கும் அது தெரியாது. அமெரிக்காவில் இதற்கு எளிய வழியொன்று கண்டிருக்கிறார்கள். எந்த மாதம், எந்த வருஷம், எவ்வகைப் பரிசோதனை நடந்தது என்பதை 32 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள எழுத்துக்களில் தொட்டியின் உடம்பிலேயே குறிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கண் பார்வையும் எழுத்தறிவும் உள்ள எவனும் அங்கே ஒரு பரிசோதகனாகலாம்.

இங்கே வண்டிச் சொந்தக்காரர்களின் வாதத்தையும் நாம் கேட்டாக வேண்டும். தென்னாட்டில் ஓடும் வாயு லாரிகளின் சொந்தக்காரர் பலருக்கு நாமக்கல்லே தலைமையிடம். 2025-ம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில், எண்ணெய்க் கம்பெனிகளின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை ஆட்சேபித்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டிகளின் அச்சு எண்ணிக்கை பற்றிய நிபந்தனையும் அபராதத் தொகைகளும் தங்களை நசுக்கிவிடும் என்பது அவர்கள் முறையீடு. அந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றின் நியாய அநியாயத்தை ஆராய்வது இங்கே நம் நோக்கமன்று. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கடன் வாங்கி வண்டி விட்டவனிடம் மிகக் குறைந்த வாடகைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு விதி மீறலுக்கும் அவன் தலையிலேயே அபராதத்தைப் போட்டால், அவன் எங்கே சிக்கனம் செய்வான்? டயரில் செய்வான், இரண்டாவது டிரைவரில் செய்வான், பட்டறையில் நிற்கும் நாட்களில் செய்வான். பாதுகாப்புக்கு ஆகும் செலவை வாடகையில் சேர்த்துக் கொடுக்காத கம்பெனி, பாதுகாப்பைக் கேட்கும் யோக்யதையை இழந்துவிடுகிறது. வாயுவை விற்கும் பெரிய கம்பெனிகளிற் பல தேசத்தின் சொத்தாக உள்ளவை. ஜனங்களுக்குச் சொந்தமான கம்பெனி, ஜனங்களின் உயிரைப் பணயம் வைத்து வாடகையில் லாபம் பார்க்கலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செலவு அதிகம் என்ற காரணத்தால் பரிசோதனையைத் தளர்த்த வேண்டுமென்று எவரேனும் கேட்பாராயின், அக்கோரிக்கையை நாம் ஒருபோதும் ஆதரியோம். செலவை யார் ஏற்பது என்பது பேசித் தீர்க்கத்தக்க விஷயம். தொட்டி உறுதியாக இருக்க வேண்டுமா என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். வண்டியை ஓட்டும் டிரைவரே அத்தொட்டிக்கு மிக அருகில் இருப்பவன் என்பதைச் சொந்தக்காரர்களும் அவர்களுடைய சங்கங்களும் மறக்கலாகாது. விபத்தில் முதலில் வேகும் ஜீவன் அந்தத் தொழிலாளியே. பரிசோதனை விதிகள் தொழிலாளியின் பாதுகாப்புக்கான விதிகளுமாகும். தொழிற்சங்கங்கள் அவற்றைத் தங்கள் உரிமையாகக் கேட்க வேண்டும்.

செய்யத்தக்கவை இன்னவை என்று நம் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவதாக, பரிசோதகரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வண்டிக்காரனிடம் இருக்கக்கூடாது. சொந்தக்காரன் கட்டணத்தை இலாகாவின் நிதியில் கட்டட்டும். அங்கீகாரம் பெற்ற பரிசோதகர்களில் ஒருவரை முறை வைத்து இலாகாவே அனுப்பட்டும். சோதித்து முடித்த தொட்டிகளில் சிலவற்றை, முன்னறிவிப்பின்றி வேறொருவர் மறுபடி சோதிக்கட்டும். மறுசோதனை வரக்கூடும் என்ற எண்ணம் ஒன்றே பாதி அலட்சியத்தைப் போக்கிவிடும்.

இரண்டாவதாக, தொட்டிக்கும் வண்டிக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில், கூட்டுப் பரிசோதனை நடக்க வேண்டும். தகடு, வால்வு, குழாய் ஆகியவற்றோடு அச்சு, பிரேக்கு, இணைப்பு ஆகியவையும் ஒரே சான்றில் வர வேண்டும். ஒரு பாகம் தேறாவிட்டாலும் வண்டி முழுவதும் தேறாததாகவே கொள்ளப்பட வேண்டும்.

மூன்றாவதாக, கடைசிப் பரிசோதனையின் தேதியும், அடுத்த பரிசோதனைக்குரிய தேதியும், தொட்டியின் பின்புறத்தில் எட்டி நின்று படிக்கத்தக்க பெரிய எழுத்தில், வண்டி ஓடும் பிரதேசத்தின் பாஷைகளில் எழுதப்பட வேண்டும். இதற்குப் புதிய யந்திரம் வேண்டாம். ஒரு டப்பா வர்ணமும் ஒரு தூரிகையும் போதும்.

நான்காவதாக, நிரப்பும் ஸ்தலத்துக்குப் பொறுப்பு வேண்டும். தவணை கடந்த தொட்டிக்கு ஒரு லிட்டர் வாயுவும் ஊற்றலாகாது. காகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. வால்வையும் குழாயையும் கண்ணால் பார்த்து, எடை போட்டு, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அளவுக்கு மிஞ்சி நிரப்பினால், நிரப்பிய கம்பெனியின் அதிகாரி முதல் குற்றவாளியாகட்டும்.

ஐந்தாவதாக, ஒருமுறை கவிழ்ந்த அல்லது மோதுண்ட தொட்டி, முழுப் பரிசோதனையில் தேறாமல் மீண்டும் சாலைக்கு வரலாகாது. 1978-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து வேவர்லி நகரில், தடம்புரண்ட ரயிலின் வாயுத் தொட்டியொன்று இரண்டு நாள் அமைதியாகக் கிடந்தது. அபாயம் நீங்கிற்று என்று எண்ணி வாயுவை மாற்றும் ஏற்பாட்டில் இறங்கிய வேளையில் அது வெடித்து 16 பேரைப் பலிகொண்டது; அவர்களுள் அந்நகரத்துப் போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் இருந்தனர். அடிபட்ட இரும்பு தன் காயத்தை வெளியே காட்டுவதில்லை.

ஆறாவதாக, ஒவ்வொரு வருஷமும் எத்தனை தொட்டிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை தேறவில்லை, எக்காரணத்தால் தேறவில்லை என்ற கணக்கை இலாகா ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். ஒரு தொட்டியும் தேறாமற்போகவில்லை என்று ஒரு வருஷம் கணக்கு வருமானால், அதைக் கொண்டு மகிழ வேண்டாம். பரிசோதனையே நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவில்லை. புதிய சட்டமும் பெரும்பாலும் தேவையில்லை. விதிகளைத் திருத்தும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாலையில் நிறுத்திச் சான்றைக் கேட்கும் அதிகாரம் மாநில உத்தியோகஸ்தர்களிடம் இருக்கிறது. இல்லாதது, விபத்து நடந்து ஒரு வாரம் கழிந்த பின்னும் அதை நினைவில் வைத்திருக்கும் குணம். பெரிய விபத்து நேர்ந்ததும் கமிட்டி நியமிப்பதும், நஷ்டஈடு அறிவிப்பதும், அடுத்த விபத்து வரை மௌனம் சாதிப்பதும் ஒரு சடங்காகிவிட்டன. இறந்தவருக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டில் சிறு பகுதியை இருப்பவரைக் காக்கும் பரிசோதனையில் செலவிட்டால் அந்தச் சடங்கே தேவைப்படாது.

சர்க்கார் தானாக விழித்துக்கொள்ளும் என்று காத்திருப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஊர்தோறும் பொதுக்காரியம் செய்வோர் இதைக் கையிலெடுக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து ஊராட்சிகளும் நகரசபைகளும், தங்கள் எல்லைக்குள் தினந்தோறும் எத்தனை வாயு லாரிகள் செல்கின்றன, அவை எங்கே இரவில் நிறுத்தப்படுகின்றன என்று கணக்கெடுக்கட்டும். சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும், கடந்த 5 வருஷங்களில் தவணை தவறிய தொட்டிகள் எத்தனை என்று சபையில் கேட்கட்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் ஜனங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு இலாகாவிடம் எழுதிக் கேட்பதற்கு ஒரு தாளும் பத்து ரூபாயும் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தத் தொட்டியைச் சோதித்தவர் யார், சோதித்த தேதி எது? இக்கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத வண்டி எதுவும் ஜனங்களின் சாலையில் ஓட உரிமையுடையதன்று.